பனிக்காலத்துக் கணு

கொடியைப் பார்த்தவுடனே ரோகிணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிப்ரவரி மாதம், குன்னூரில், பன்னிரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டில், ஒரு கொடிக்கு இவ்வளவு பச்சை ஆகாது.

முன்னறை ஜன்னலுக்கு மேலே கொக்கியில் கூடை தொங்கியது. அதிலிருந்து ஏழெட்டு இழைகள் தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருந்தன. ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். இந்தப் பருவத்தில் நீலகிரி முழுக்க அவள் பார்க்கிற கொடிகள் நோஞ்சானாக, ஓரம் கருகி, இலை உதிர்த்து நிற்கும். அவள் ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்தாள். அடியிலைகளில்கூடப் பெரிதாகத் தூசு இல்லை. யாரோ வாரா வாரம் ஈரத்துணியால் துடைத்து வந்திருக்கிறார்கள்.

எதை மறைக்கத் துடைத்தார்கள்?

"இந்தச் செடி நிஜமாவே சொல்லிடுமா மேடம்?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஜெயந்தன். வீட்டுக்காரர் ராமபத்ரனின் ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை. அப்பா இறந்து இருபது நாள் ஆகியும் முகம் தெளியவில்லை.

"பேசாது சார். எழுதி வைக்கும்" என்றாள் ரோகிணி. "நாம விடுற மூச்சு இந்த ரூம் காத்துல கலக்குது இல்லையா? இது ஒரு கணு வைக்கிறப்போ, அந்தந்த நாளோட காத்தைக் கொஞ்சம் அந்தக் கணுவுக்குள்ள பூட்டி வெச்சுக்கும். சாதாரண மணி பிளான்ட் ஜாதிதான். அப்படி மாத்தி வளர்த்திருக்காங்க. கணுவை அரைச்சுப் பார்த்தா, அந்தச் சமயத்துல வீட்ல எத்தனை பேர் மூச்சு விட்டாங்க, காய்ச்சல் இருந்துதா, என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு தெரியும்."

"யார் மூச்சுன்னு தெரியுமா?"

"அது தெரியாது. எத்தனை பேருன்னு மட்டும்தான்."

"எந்த நாள்னு?"

"அதுக்குக் கணக்கு இருக்கு. வெயில் காலம், மழைக்காலம்னா வாரத்துக்கு ஒரு கணு. பனிக்காலத்துல கொடி தூங்கிடும். இருபது நாளைக்கு ஒண்ணு. நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கிட்டே வரணும்."

தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ரோகிணி கணு வாசிப்பவள். பராமரிப்பாளர் எங்கே போனார், எப்போது வந்தார் என்று கேமரா வைத்துப் பார்க்க முதியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கொடி என்றதும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு அழகு, காற்றுக்கு நல்லது.

ஆய்வுக்கூடத்து ஆள் இருபதாம் தேதி வந்து ஓர் இழையை வெட்டிக்கொண்டு போயிருந்தார். முடிவு ரோகிணியின் பையில் இருந்தது. நுனிக்கணு முற்றாதது என்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு முந்தைய கணு, கணக்குப்படி ஜனவரி பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்று வரை. அதில் ஒரே ஒருவரின் மூச்சு. ராமபத்ரன் தினமும் சாப்பிட வேண்டிய இதய மாத்திரையின் சுவடும் இல்லை.

எண்பத்து நான்கு வயது ராமபத்ரன் நிமோனியா முற்றி இறந்தது பிப்ரவரி நான்காம் தேதி. ஆக, அதற்கு முன்னால் மூன்று வாரம் மனிதர் தனியாகக் கிடந்திருக்கிறார். மருந்தும் கொடுக்கப்படவில்லை. சுற்றிலும் தேயிலை; கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட செலின் ஒரு வேளை வந்து சோறு வைத்துவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்? ஜெயந்தன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். ரோகிணியின் அறிக்கைக்காகத்தான் காத்திருந்தார்கள்.

பத்து மணி வாக்கில் செலின் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. ஜெயந்தனைப் பார்த்து வணக்கம் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

செலினின் கண் முதலில் போனது கொடியின் மேல். அதை ரோகிணி கவனித்தாள்.

"உட்காருங்க. ஜனவரி மாசம் எங்கே போயிருந்தீங்க?"

"எங்கயும் போகலைங்க மேடம்."

"ஞாயித்துக்கிழமை?"

"பொங்கலுக்கு அப்புறம் வந்த ஞாயிறு ஒண்ணு, சர்ச்சுக்குப் போனேன். ரெண்டு மணி நேரம். பால்காரக்காவை உட்கார வெச்சுட்டுத்தான் போனேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"கொடியைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க."

பொய். ரோகிணிக்கு உள்ளுக்குள் ஏதோ பொருந்தி உட்கார்ந்தது. ஒரு பொய் சொல்கிறவள் இன்னொன்றும் சொல்வாள். ஒன்பது வருட அனுபவம் அவளுக்கு அதைத்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாள். படுக்கையறையில் கட்டிலும் மடித்து வைத்த போர்வைகளும். குளியலறையில் புதிதாகப் போட்ட கைப்பிடி. சமையலறைக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். அடுப்பு மேடைக்குப் பக்கத்துக் கைமரத்தில் ஒரு கொக்கி. துரு ஏறாத புதுக் கொக்கி. அதற்கு ஒரு முழம் தள்ளி, நீண்ட ஒயரில் மஞ்சள் பல்பு ஒன்று தொங்கியது. நேர் கீழே, கூழாங்கல் பரப்பிய ஓர் எவர்சில்வர் தட்டு. அதன் விளிம்பில் தண்ணீர் வற்றிய வெள்ளைக் கோடு. தட்டுக்குப் பின்னால் காய்ந்த மஞ்சள் இலை ஒன்று கிடந்தது.

அந்த இலையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து செலின் முன்னால் நீட்டினாள்.

"கொடி அடுப்படியில இருந்திருக்கு. படுக்கையறைக் காத்து படக்கூடாதுன்னு மாத்தி வெச்சீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க மேடம்."

"கொடியை இடம் மாத்தக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மாத்தினா வேலை போயிடும்னும் தெரியும். தெரிஞ்சே மாத்தினா என்ன அர்த்தம்?"

இனி மறைத்து ஆவதில்லை என்பது போல, செலின் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"டிசம்பர்ல முதல் உறைபனி விழுந்துச்சு மேடம். மறுநாள் காலையில பார்த்தா ஜன்னல் பக்கம் இருந்த இலை ரெண்டு கருகிப் போச்சு. அய்யா பார்த்துட்டாரு. அன்னைக்குக் கஞ்சியே குடிக்கலை. 'நான் இருக்கிற வீட்ல ஒரு உசிரு இப்படிக் கருகலாமா'ன்னு ஒரே சத்தம். தேயிலை ஃபாக்டரியில மேனேஜரா இருந்தவரு. செடி கருகினா தாங்காது அவருக்கு. கொக்கி வாங்கிட்டு வரச் சொல்லி, எங்க அடிக்கணும்னு அவரே நாற்காலியில உட்கார்ந்து சொன்னாரு. அடுப்புச் சூடு படணும், ஆனா ஆவி நேரா அடிக்கக்கூடாது. வெளிச்சத்துக்குப் பல்பு. காத்து காயாம இருக்கத் தட்டுல தண்ணி. மண்ணுல விரலை விட்டுப் பார்த்து, ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தா மட்டும் வெதுவெதுன்னு ஒரு டம்ளர் ஊத்தணும். கூட ஊத்தினா இலை மஞ்சளாகிடும், திட்டுவாரு. வாரம் ஒரு தடவை கூடையைக் கால்வாசி திருப்பணும், இல்லேன்னா ஒரே பக்கமா சாயும்."

"அவர் எங்க இருப்பாரு?"

"அவரும் அடுப்படியிலதாங்க. வீட்லயே சூடான இடம் அதுதானே? சாய்வு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாச்சு. கொடிக்குக் கீழ உட்கார்ந்து பேப்பர் படிப்பாரு. நான் காய் நறுக்குவேன். பனிக்காலம் பூரா அங்கதான் குடித்தனம்."

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள் ரோகிணி. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரிடமும் நல்ல கதை இருக்கும். அறிக்கையில் 'கொடி இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்ப்பதற்காகப் படம் எடுக்க ஓர் இழையைத் தூக்கிப் பிடித்தாள்.

நுனியில் இருந்த இலை கட்டைவிரல் நகத்தளவு. ஓரம் கருத்து, உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. அதற்கு முந்தைய இலையிலிருந்து அது விலகியிருந்த தூரம் அரை விரல்கூட இல்லை. அந்த முந்தைய இலையோ உள்ளங்கை அகலம். அதற்கு முந்தையதும் அப்படியே. கணுவுக்குக் கணு நான்கு விரல் இடைவெளி.

இன்னோர் இழையைத் தூக்கினாள். அதிலும் அப்படியே. எல்லா இழைகளிலும் நுனி மட்டும் குளிரில் அடிபட்டிருந்தது. மற்றவை வெயில் காலத்துக் கணுக்கள் போல இருந்தன.

ரோகிணியின் கை இழையை விடவில்லை.

"இதைத் திரும்ப இங்க எப்ப கொண்டுவந்து மாட்டினீங்க?"

"பன்னெண்டாம் தேதிங்க. வீட்டைப் பூட்டப்போறோம்னு சார் சொன்னாரு. கம்பெனி ஆளு வருவாங்க, இடம் மாத்தினது தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்து பழையபடி மாட்டிட்டேன்."

"நாலாம் தேதியிலிருந்து பன்னெண்டு வரைக்கும் வீட்ல யார் இருந்தாங்க?"

"அஞ்சாம் தேதி காலையில அய்யாவைக் கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போனாங்க. எல்லாக் காரியமும் அங்கதான். சாமானெல்லாம் கிடக்கு, நீ இருந்து பார்த்துக்கன்னு சார் சொன்னாரு. எட்டு நாள் நான் மட்டும்தான் இருந்தேன். அடுப்படியிலயேதான் இருந்தேங்க. படுக்கை ரூமுக்குப் போக மனசு வரலை" என்றாள்.

ரோகிணி மனசுக்குள் எண்ணினாள். இந்தக் கொடி தூங்கவே இல்லை. சூடும் வெளிச்சமும் கொடுத்து அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள் இவள். பனிக்காலம் முழுக்க அது வாரத்துக்கு ஒரு கணு வைத்திருக்கிறது. அப்படியானால், பன்னிரண்டாம் தேதிக்குப் பின் ஆளில்லாத குளிர்ந்த வீட்டில் வைத்தது நுனிக்கணு. அதற்கு முந்தைய கணு ஜனவரி அல்ல. பிப்ரவரி ஐந்திலிருந்து பன்னிரண்டு.

அந்த ஒற்றை மூச்சு கிழவருடையது அல்ல. இறந்தவருக்காக அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்த செலினுடையது.

வெளியே போய்த் தோட்டத்தில் நின்று, கோயம்புத்தூரில் இருக்கும் தன் மேலாளர் சத்தியசீலனைக் கூப்பிட்டாள். அவர் முழுவதும் கேட்டார்.

"மாத்திரைச் சுவடு இல்லையே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"செலின் ஏன் சார் இதய மாத்திரை சாப்பிடணும்?"

"இதெல்லாம் உங்க ஊகம் ரோகிணி. அந்தப் பொண்ணு அழுதிருக்கும், நீங்க இளகிட்டீங்க."

"அழலை சார். ஊகம்னா ஒண்ணு பண்ணுங்க. டாக்டர் சீட்டுல காய்ச்சல் ஆரம்பிச்சது ஜனவரி இருபத்தொன்பதுன்னு இருக்கு. ஆய்வுக்கூடத்துல கேளுங்க, காய்ச்சல் சுவடு எந்தக் கணுவுல இருக்குன்னு. நம்ம கணக்கு சரின்னா அது அந்த ஒத்தை மூச்சுக் கணுவுலதான் இருக்கணும், ஜனவரி கடைசியெல்லாம் அதுக்குள்ளதானே வருது? ஆனா அதுக்கு முந்தின கணுவுல இருக்கும் பாருங்க."

சாயங்காலம் பதில் வந்தது. முந்தின கணுவில்தான் இருந்தது. கடுமையான காய்ச்சல், இதய மாத்திரை, இரண்டு பேரின் மூச்சு. அதற்கு முந்தைய கணுக்களிலும் இரண்டு பேர். டிசம்பர் வரைக்கும் ஒரு வாரம்கூட விடாமல் இரண்டு பேர். பழைய கணக்கில் அந்த முந்தின கணு டிசம்பர் கடைசியில் விழுந்ததால், அப்போது கிழவருக்கு ஏதோ சளி பிடித்திருக்கும் என்று நினைத்து, அந்தக் காய்ச்சலை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஜெயந்தனிடம் சொன்னபோது அவர் நம்ப மறுத்தார். பிறகு நம்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தானே அவங்களை இருக்கச் சொன்னேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் ரோகிணி நிம்மதியாக மலையிறங்கியிருப்பாள். பஸ் பர்லியாறைத் தாண்டும்போது அவளுக்குக் கோத்தகிரி விமலாவின் ஞாபகம் வந்தது. போன வருடம் ஜனவரி. தன் பொறுப்பில் இருந்த பாட்டியைப் பத்து நாள் பட்டினி போட்டுவிட்டுப் போனதாக ரோகிணி எழுதிய அறிக்கை விமலாவைச் சிறைக்கு அனுப்பியது. அந்த வீட்டுக் கொடி எப்படி இருந்தது? ஆளுயரத்துக்குச் செழித்து, பளபளவென்று. 'கொடியை நல்லா வெச்சிருக்கீங்க' என்று ரோகிணி பாராட்டக்கூடச் செய்தாள். விமலா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதன் பிறகுதான் ரோகிணி அறிக்கை எழுதினாள்.

மறுநாள் அலுவலகத்தில், தான் பனிக்காலத்தில் வாசித்த கொடிகளின் படங்களையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினாள். பத்தொன்பது. அதில் பதினொன்று பராமரிப்பாளருக்கு எதிராக முடிந்தவை. பதினொன்றும் பச்சைப் பசேலென்று இருந்தன. மீதி எட்டும் கருகிக் காய்ந்தவை. அந்த எட்டுப் பேருக்கும் 'நம்பத்தக்கவர்' என்று அவளே சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

கொடியைக் குளிரில் சாகவிட்டவர்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள். அதை உள்ளே எடுத்து வைத்து, வெந்நீர் கலந்து ஊற்றி, இலை துடைத்துக் காப்பாற்றியவர்கள்தான் மாட்டியிருந்தார்கள்.

பதினொன்றையும் எழுதி அனுப்பினாள். தன் கையெழுத்துப் போட்ட தவறு என்று ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்பிட்டாள். செலின் மேல் இருந்த புகார் ஒரே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. மற்றவை நகர மாதக்கணக்கானது. ஏப்ரல் கடைசியில் விமலா வெளியே வந்தாள் என்று கேள்விப்பட்டு ரோகிணி கோத்தகிரிக்குப் போனாள். விமலா கதவைத் திறந்தாள். பார்த்தாள். யாரென்று தெரிந்துகொண்டாள். கதவைச் சாத்தினாள். ரோகிணி கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஜூன் மாதம், மழை பிடித்த சமயத்தில், நிறுவனத்திலிருந்து புதுச் சுற்றறிக்கை வந்தது. ரோகிணி அதைப் படித்துவிட்டு நேராகச் சத்தியசீலன் அறைக்குப் போனாள்.

"பனிக்காலக் கணக்கை மாத்தவே இல்லையே சார்?"

"வீட்டுக்கு ஒரு கணக்கா போட முடியும்? ஒருத்தர் அடுப்படியில வெப்பாங்க, ஒருத்தர் பல்பு போடுவாங்க. எல்லா வீட்லயும் கொடி ஒரே மாதிரி இருந்தா ஒரே கணக்கு சரியா வரும். கம்பிக்கூண்டு போட்டு, பூட்டி, ஜன்னல்கிட்ட மாட்டிடறோம். பராமரிப்பாளர் தொடவே கூடாது. தண்ணி நம்ம ஆளு வந்து ஊத்துவாரு."

"தொட்டா?"

"அதான் கடைசிப் பக்கத்துல இருக்கே. பனிக்காலத்துல கொடி செழிச்சிருந்தா, கொடியில கை வெச்சு ஏமாத்தினதா எடுத்துக்குவோம்." அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "நீங்க கண்டுபிடிச்சதுதானே ரோகிணி? பச்சையா இருந்தா கணக்குத் தப்புதுன்னு நீங்கதான் எழுதினீங்க."

அதற்கடுத்த வாரம் வாசிப்பு வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கூண்டுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவள் வேலையை விட்டுவிட நினைத்தாள். விட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி வருவாள், அவளுக்குக் கருகிய இலைக்கும் பச்சை இலைக்கும் உள்ள கதை தெரியாது என்று நினைத்து இருந்துகொண்டாள்.

டிசம்பரில் அவளுடைய பட்டியலில் வெலிங்டன் பக்கத்து வீடு ஒன்று இருந்தது. பராமரிப்பாளர் பெயரை இரண்டு தடவை படித்தாள். செலின்.

காலை பதினொரு மணி. வெளியே புல்மேல் பனி இன்னும் முழுசாக உருகவில்லை. கதவைத் திறந்த செலின் மரியாதையாக வணக்கம் சொல்லி உள்ளே அழைத்துப் போனாள். சிரிக்கவில்லை.

முன்னறை ஜன்னல் ஓரம் கூண்டு தொங்கியது. உள்ளே கொடியின் இலைகள் வெந்த கீரை போலக் கருத்துத் துவண்டு கம்பியில் ஒட்டிக்கிடந்தன. இரண்டு இழைகளில் மட்டும் நுனியில் கொஞ்சம் உயிர் இருந்தது. கூண்டுக்கு நேர் எதிரே, ஜன்னலிலிருந்து வரும் குளிர் நேராக மேலே படுகிற இடத்தில், இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மூன்று போர்வையும் குல்லாயும் போட்டுக்கொண்டு வசுமதி அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நீ கம்பெனியிலிருந்தா?" என்றார் வசுமதி அம்மாள். "இவகிட்ட நீயாவது சொல்லும்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயே உட்கார வெக்கிறா. அடுப்படியில கொஞ்சம் குளிர் காயலாம்னா விடமாட்டேங்கிறா."

ரோகிணி செலினைப் பார்த்தாள். செலின் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சமையலைக் காலையில ஆறு மணிக்குள்ள முடிச்சிடுவேங்க. அப்புறம் ரெண்டு பேரும் இங்கயேதான். அடுப்படியில இருந்தா கொடிக்குத் தெரியாதே மேடம்" என்றாள். "ரெண்டு பேரும் இருக்கோம்னு அதுக்குத் தெரியணும் இல்லீங்களா?"

"அம்மாவுக்குக் குளிருது செலின்."

"தெரியுதுங்க." குரல் கொஞ்சம் நடுங்கியது. குளிராலா என்று ரோகிணிக்குத் தெரியவில்லை. "செடியை நான் தொடலை மேடம். ஒரு இலையைக்கூடத் தொடலை. நல்லாப் பார்த்துக்கங்க."

வசுமதி அம்மாள் இருமினார். செலின் சட்டென்று எழுந்து அவருடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு, அவர் முகத்தைத் தாடையில் கைவைத்து மெதுவாகக் கூண்டின் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் பார்த்து மூச்சு விடுங்கம்மா" என்றாள்.